நீலக் கதவுகளின் குன்று

சிதி பூ சயீத் என்ற பெயருக்கு வயது ஏறக்குறைய எண்ணூறு. அந்த ஊரின் வெள்ளைக்கும் நீலத்துக்கும் வயது நூற்றைச் சற்றே தாண்டும். துனீசியாவின் தலைநகரான துனிஸுக்கு வடகிழக்கே சுமார் 20 கிலோமீட்டரில், மத்தியதரைக் கடலுக்கு நேர் மேலே நிமிர்ந்து நிற்கும் குன்றின் உச்சியில் ஊர் இருக்கிறது. சுண்ணாம்பு அடித்த சுவர்கள், நீலக் கதவுகள், நீலக் கம்பி போட்ட ஜன்னல்கள், மதிலுக்கு மேல் வழியும் காகிதப்பூ. பார்க்கிறவருக்கு இது ஆதியிலிருந்தே இப்படித்தான் இருந்திருக்கும் என்று தோன்றும். உண்மையில், 1915 ஆகஸ்டில் பிறப்பித்த ஓர் ஆணைதான் குன்றில் கண்டபடி கட்டடம் எழும்பாமல் தடுத்து, இந்த இரண்டு நிறங்களையும் ஊருக்கு விதித்தது. அந்த ஆணைக்குப் பின்னால் ஒரு வங்கிக்காரரின் மகன் இருக்கிறார்; அவருக்கும் பின்னால், துனீசியா என்ற நாட்டையே விழுங்கிய ஒரு கடன் இருக்கிறது. இதைப் படித்துவிட்டுப் போனதால் ஊரின் அழகு எனக்குக் குறைந்துவிடவில்லை. ஆனால் யாருக்கு நன்றி சொல்வது என்ற கேள்வி வழி நெடுகக் கூடவே வந்தது.

துனிஸிலிருந்து டி.ஜி.எம். என்று எல்லோரும் சொல்லும் சின்ன ரயிலில் போவதுதான் சரி. துனிஸ், லா கூலெத், லா மார்ஸா என்ற மூன்று ஊர்களின் முதலெழுத்துகள் அவை. 1872இல் ஓடத் தொடங்கிய பாதை. துனிஸ் ஏரியை இரண்டாகப் பிளக்கும் கரையின் மேல் ரயில் போகும்போது இரண்டு பக்கமும் தண்ணீர்தான். செப்டம்பரில் கரையோரச் சேற்றில் பூநாரைகள் நிற்கின்றன. லா கூலெத் தாண்டியதும் வரிசையாக வரும் நிலையங்களின் பெயர்ப் பலகைகளைப் படித்தாலே போதும், பள்ளிக்கூட வரலாற்றுப் புத்தகம் கண்முன் விரியும். கார்தேஜ் சலாம்போ, கார்தேஜ் பிர்ஸா, கார்தேஜ் ஹன்னிபால். ரோமாபுரியை நடுங்க வைத்த நகரம் இன்று ஒரு புறநகர் ரயிலின் அடுத்தடுத்த நிறுத்தங்கள். காய்கறிப் பையோடு ஒரு பாட்டி ஹன்னிபாலில் இறங்கினார். பள்ளிப் பிள்ளைகள் கூட்டமாக ஏறினார்கள். இன்னும் இரண்டு மூன்று நிறுத்தங்களில் சிதி பூ சயீத் வந்துவிட்டது.

நிலையத்திலிருந்து ஊருக்கு மேட்டில் நடக்க வேண்டும். ஏறுவெயிலில் கொஞ்சம் மூச்சு வாங்கும், அவ்வளவுதான். சந்தைத் தெருவுக்குள் நுழையும் முன்பே எண்ணெய் கொதிக்கும் வாசனை வந்துவிடுகிறது. பம்பலூனி கடை. ஒரு ஆள் நின்றாலே நிறைந்துவிடும் இடம். உள்ளே நின்றவர் புளித்த மாவில் ஓர் உருண்டையைக் கிள்ளி எடுத்தார். விரல்களில் எண்ணெய் தொட்டு, நடுவில் கட்டைவிரலால் துளையிட்டு, அதைக் காற்றில் சுழற்றி வளையமாக விரித்து வாணலியில் விட்டார். மாவு முங்கி, எழும்பி, உப்பி, ஓரம் சிவந்தது. கம்பியால் திருப்பிப் போட்டார். எடுத்ததும் சர்க்கரைத் தட்டில் இரண்டு புரட்டு, ஒரு துண்டுக் காகிதத்தில் சுற்றிக் கையில் கொடுத்துவிட்டார். நம் மெதுவடையின் உருவம், ஆனால் இனிப்பு. உள்ளே பஞ்சு, வெளியே மொறுமொறுப்பு. இத்தாலியர்கள் கொண்டுவந்து சேர்த்த பண்டம் என்கிறார்கள். பத்தொன்பதாம் நூற்றாண்டில் சிசிலியிலிருந்து ஏழைக் குடும்பங்கள் இந்தக் கரைக்கு வந்து குடியேறியது உண்மை என்பதால், அதை நம்புவதில் எனக்குச் சிரமமில்லை. ஆறிப்போனால் ருசி போய்விடும். நின்ற இடத்திலேயே, விரல் சுடச்சுடத் தின்ன வேண்டும்.

பெரிய தெருவில் நினைவுப் பொருள் கடைகள் இரண்டு பக்கமும் நெருக்கியடிக்கின்றன. பீங்கான் தட்டு, தோல் செருப்பு, வெள்ளைக் கம்பியைப் பின்னி மாடம் மாடமாகக் கட்டிய பறவைக் கூண்டு. கூண்டு இந்த ஊரின் பேர்போன கைவேலை. கோபுரமும் வளைவும் வைத்த சின்ன அரண்மனை மாதிரி இருக்கும். அந்தத் தெருவில் அதிக நேரம் செலவழிக்க வேண்டாம் என்பது என் கருத்து. வலது பக்கமோ இடது பக்கமோ ஏதாவது ஒரு சந்தில் நுழைந்துவிட்டால், இருபது அடியில் சத்தம் அடங்கி, ஊர் மட்டும் மிஞ்சும்.

கதவுகளை நின்று பார்க்க வேண்டும். எந்த வீட்டுக்கும் தெருவைப் பார்த்த திண்ணை கிடையாது, தாழ்வான ஜன்னல் கிடையாது. வீட்டுக்காரர் ஊருக்குக் காட்டும் ஒரே முகம் கதவுதான். மஞ்சள் கலந்த கல்லில் செதுக்கிய நிலை, மேலே குதிரை லாட வடிவில் வளைவு. அதற்குள் கனத்த இரட்டைக் கதவு. அந்த நீலப் பரப்பின் மேல் கறுப்புக் குமிழ் ஆணிகளை வரிசையாக அடித்துக் கோலம் போட்டிருக்கிறார்கள். பிறை, விண்மீன், மீன், மினாரா, பூச்சட்டி. நான் ஒரு கதவின் முன் நின்று ஆணிகளை வரிசை வரிசையாகப் பின்பற்றிப் பார்த்தேன். தூரத்திலிருந்து பார்க்கும்போது அச்சு வார்த்தது போல இருப்பது, கிட்டத்தில் கை நடுங்கிய இடங்களைக் காட்டுகிறது. ஓர் ஆணி வரிசையை விட்டு அரை விரல் நகர்ந்திருக்கிறது. வேறொன்று எப்போதோ விழுந்து, அந்த இடத்தில் தலை சிறுத்த புது ஆணி உட்கார்ந்திருக்கிறது. நீலத்துக்கு அடியில் பழைய நீலம், அதற்கும் அடியில் வேறொரு நீலம், உரிந்த ஓரத்தில் ஏடு ஏடாகத் தெரிகிறது. பெரிய கதவுக்குள்ளேயே குனிந்து நுழைகிற மாதிரி ஒரு சின்னக் கதவும் உண்டு. அன்றாடம் புழங்குவது அதன் வழியாகத்தான். பெரிய கதவு திறப்பது கல்யாணத்துக்கும் சாவுக்கும் சாமான் ஏற்றி இறக்கவும்.

எல்லாக் கதவும் நீலமில்லை. அங்கொன்றும் இங்கொன்றும் மஞ்சள் கதவு பார்த்தேன். துனிஸ் பழைய நகரத்தில் அந்த மஞ்சள் சாதாரணமாகக் கண்ணில் படும். அவற்றைப் பார்த்தபோது ஒரு விஷயம் பிடிபட்டது. 1915க்கு முன்னால் இந்த ஊர் ஒரே ராகத்தில் பாடியதில்லை.

அப்படியானால் முன்னால் என்ன இருந்தது? குன்றின் பழைய பெயர் ஜபல் அல்-மனார், கலங்கரை விளக்கு மலை. கார்தேஜ் காலத்திலிருந்தே கப்பல்களுக்குத் தீ காட்டிய உயரம் இது. இஸ்லாம் வந்த முதல் நூற்றாண்டுகளில் கடல் வழி வரும் எதிரிகளைக் கண்காணிக்கும் காவலரணாக இருந்தது. அந்தக் காவலில் போர்வீரர்களும் துறவிகளும் ஒன்றாகத் தங்கியிருந்தார்கள். பகலில் கடலைப் பார்த்தார்கள், இரவில் தொழுதார்கள். அந்த வழக்கத்தின் பிற்கால வாரிசாக வந்தவர் அபூ சயீத் அல்-பாஜி. 1156இல் பிறந்து 1231இல் மறைந்த சூஃபி. துனிஸில் பாடம் சொன்னவர், கடைசிக் காலத்தில் இந்தக் குன்றில் ஒதுங்கி வாழ்ந்தார், இங்கேயே அடங்கினார். கடலோடிகள் அவரைத் தங்கள் காவலராக ஏற்றுக்கொண்டார்கள். சமுத்திரங்களின் தலைவர் என்றே அவருக்குப் பட்டம்.

துனிஸில் அவரோடு பழகிய இளைஞர்களில் ஒருவர் அபுல் ஹசன் அஷ்-ஷாதுலி. அந்தப் பெயரைக் காயல்பட்டினத்திலோ, கீழக்கரையிலோ, இலங்கையின் கிழக்குக் கரையிலோ சொல்லிப் பாருங்கள். அவர் பெயரைத் தாங்கிய ஷாதுலிய்யா என்ற சூஃபி வழியின் திக்ர் மஜ்லிஸ், இறைநினைவுக் கூட்டம், அந்தப் பக்கங்களில் பல இடங்களில் நடக்கிறது. நம் கடற்கரை ஊர்களில் வெள்ளி இரவுகளில் ஓதும் அந்த வழியின் தொடக்க காலப் பக்கங்களில் இந்தக் குன்றின் பெரியவரும் இருக்கிறார். துனிஸிலிருந்து எகிப்து, எகிப்திலிருந்து ஹிஜாஸ், அங்கிருந்து நம் மரக்கல வணிகர்களின் ஊர்கள். கடல்தான் எல்லாவற்றையும் சுமந்து வந்திருக்கிறது.

அபூ சயீதின் தர்கா ஊரின் பிரபலமான காப்பிக்கடையின் பின்புறம் ஒட்டினாற்போல இருக்கிறது. பயணிகள் கூட்டம் அதைப் பார்க்காமலே தாண்டிவிடுகிறது. 2013 ஜனவரியில் இதற்குத் தீ வைத்தார்கள். துனீசியப் புரட்சிக்குப் பிந்தைய அந்தக் காலத்தில் நாடு முழுக்கப் பல சூஃபி அடக்கஸ்தலங்கள் இப்படித் தாக்கப்பட்டன. இறைநேசர்களின் கப்ரை மதிப்பதே தவறு என்று நினைக்கிறவர்கள் மேல்தான் சந்தேகம் விழுந்தது. உள்ளே இருந்த பழைய குர்ஆன் பிரதிகளும் பச்சைப் போர்வைகளும் சாம்பலாயின. ஊர் அதை மறுபடி கட்டியது. இன்று சுவரில் புகைக் கறை இல்லை. வாசலில் காலணியைக் கழற்றிவிட்டு ஒரு தாயும் மகளும் உள்ளே போனார்கள்; தாய் கதவு நிலையைத் தொட்டு விரலை முத்தமிட்டார். எண்ணூறு வருடமாக இந்த ஊரைப் பிடித்து நிறுத்திய தூண் இந்த அறைதான் என்று நான் நினைக்கிறேன். வண்ணம் பிறகு வந்தது.

பிரான்ஸ் மன்னர் ஒன்பதாம் லூயியைப் பற்றியும் இங்கே ஒரு கதை உண்டு. எட்டாவது சிலுவைப் போரில் துனிஸைப் பிடிக்க வந்தவர் 1270 ஆகஸ்டில் கார்தேஜ் முகாமில் நோய் கண்டு இறந்தார். இது வரலாறு. ஊர்க்கதை வேறு மாதிரி: அவர் சாகவில்லை, இங்கே ஒரு பெண்ணைக் கல்யாணம் செய்து முஸ்லிமாகி, குன்றின் மேல் துறவியாக வாழ்ந்தார், சிதி பூ சயீத் அவர்தான். நாற்பது வருட வித்தியாசத்தைக் கதை பொருட்படுத்துவதில்லை. படையெடுத்து வந்தவரைத் தங்கள் ஊர்ப் பெரியவராக மாற்றிவிடும் அந்தத் தாராளம் எனக்குப் பெரிதாகப் படுகிறது. கத்தியோடு வந்தவரைக் கதையால் வென்றிருக்கிறார்கள்.

தர்காவுக்கு முன்னால் செங்குத்தான படிகள். மேலே போனால் அந்தப் பிரபலமான காப்பிக்கடை. பிரெஞ்சில் கஃபே தே நாத், பாய் விரித்த கடை. ஊர்க்காரர்கள் உயரக் கடை என்று பொருள்பட அல்-கஹ்வா அல்-ஆலியா என்கிறார்கள். உள்ளே சிவப்பும் பச்சையும் திருகிய கோடுகள் போட்ட தூண்கள், ஓரமெல்லாம் உயர்ந்த மேடை, மேடை மேல் பாய். செருப்பைக் கீழே விட்டுவிட்டுச் சம்மணம் போட்டு உட்கார வேண்டும். சின்னக் கண்ணாடிக் குவளையில் புதினா தேநீர் வரும். மேலே பைன் மரத்தின் பருப்புகள் மிதக்கும். தேநீர் குடிக்கக் குடிக்கப் பருப்பு ஊறி மென்மையாகி, கடைசி மடக்கில் வாய்க்குள் வரும்.

1914 ஏப்ரலில் பால் க்ளே, ஆகஸ்ட் மாக்க, லூயி மொய்யே என்ற மூன்று ஓவிய நண்பர்கள் மார்செயிலிருந்து கப்பலேறி துனீசியா வந்தார்கள். இரண்டு வாரமும் இல்லை, அதற்குள் நவீன ஓவியத்தின் போக்கு மாறிப்போனது. நிறம் என்றால் என்ன என்பதை க்ளே இந்த நாட்டில்தான் கண்டுகொண்டார். அவருடைய நீர்வண்ணப் படங்களில் வீடுகள் அதன் பிறகு சதுரம் சதுரமாக, நிறமே கட்டடமாக எழுந்து நின்றன. மாக்க வரைந்த துருக்கியக் காப்பிக்கடை ஓவியம் இந்தப் படிகளையும் இந்த வாசலையும் பார்த்து வரைந்தது என்று இங்கே எல்லோரும் சொல்கிறார்கள். அந்த ஓவியம் மஞ்சளும் சிவப்பும் பச்சையும் நீலமுமாகத் தகிக்கிறது. ஆணை வருவதற்கு ஒரு வருடம் முந்தைய துனீசியாவை ஓர் ஓவியரின் கண் கண்ட விதம் அது. அதே வருடம் செப்டம்பரில் முதல் உலகப் போர்க்களத்தில் மாக்க கொல்லப்பட்டார். வயது 27.

இனி அந்த வங்கிக் குடும்பத்துக்கு வருகிறேன்.

1863இல் 'பே' என்ற பட்டத்தோடு துனீசியாவை ஆண்ட முஹம்மது அஸ்-ஸாதிக், பாரிஸில் ஒரு கடன் வாங்கினார். கணக்குப் புத்தகத்தில் மூன்றரைக் கோடி பிராங்க். தரகும் தள்ளுபடியும் போகக் கைக்கு வந்தது அதைவிட வெகு குறைவு. திருப்பிக் கட்ட வேண்டியதோ வட்டியோடு சேர்த்து மலையளவு. கடனைத் திரட்டிக் கொடுத்தது எமில் எர்லாஞ்சேயின் வங்கி. அதே வருடம்தான் அந்த வங்கி அமெரிக்க உள்நாட்டுப் போரில் தெற்கு மாநிலங்களுக்குப் பருத்தியை ஈடாக வைத்துக் கடன் திரட்டிக் கொடுத்தது. துனீசியாவில் கடனை அடைக்க மெஜ்பா என்ற தலைவரியை 36 பியாஸ்டரிலிருந்து 72 ஆக இரட்டிப்பாக்கினார்கள். 1864இல் நாடே கொந்தளித்தது. அலி பின் கதாஹிம் என்பவர் தலைமையில் உள்நாட்டுக் குடிகள் எழுந்தார்கள், கடற்கரை நகரங்களும் சேர்ந்துகொண்டன. கிளர்ச்சியைக் கொடூரமாக நசுக்கினார்கள். அலி சிறையில் மடிந்தார். பின்னாலேயே பஞ்சமும் காலராவும் வந்தன. 1869இல் அரசாங்கம் திவாலாகி, நாட்டின் வருமானத்தைப் பிரான்ஸ், பிரிட்டன், இத்தாலி மூன்றும் உட்கார்ந்து எண்ணும் ஆணையத்திடம் ஒப்படைத்தது. 1881இல் பிரெஞ்சுப் படை உள்ளே நுழைந்தது. நான் வந்த ரயில் பாதையும் ஐரோப்பிய நாடுகளின் போட்டியில் ஒரு காய்தான்: ஆங்கிலக் கம்பெனி போட்டது, 1880இல் இத்தாலியக் கம்பெனிக்குக் கைமாறியது, அந்த எரிச்சலும் பிரான்ஸின் அவசரத்துக்கு ஒரு காரணம்.

எமில் எர்லாஞ்சேயின் மகன்களில் ஒருவர் ரொடோல்ஃப். 1872இல் பிறந்தவர். வங்கியில் மனம் ஒட்டவில்லை, ஓவியம் கற்றார். நெஞ்சு நோய்க்கு இதமான காற்றைத் தேடி, தந்தையின் கடன் விழுங்கிய இதே நாட்டுக்கு வந்து சேர்ந்தார், இந்தக் குன்றில் நிலம் வாங்கினார். 1912 தொடங்கிப் பத்து வருடம் மாளிகை கட்டினார். அந்நஜ்மா அஸ்-ஸாஹிரா, ஒளிரும் விண்மீன், என்று பெயர் வைத்தார். கட்டிக்கொண்டிருக்கும்போதே ஊரைக் காக்கும் ஆணைக்கும் அதிகாரிகளை இணங்க வைத்தார்.

மாளிகையைப் பார்க்காமல் திரும்புகிறவர்கள் ஊரில் பாதியை விட்டுவிட்டுப் போகிறார்கள். வெளியிலிருந்து பார்த்தால் மற்ற வீடுகளைப் போலவே வெள்ளையும் நீலமும், மரங்களுக்குப் பின்னால் அடக்கமாக. உள்ளே போனால் பளிங்குத் தரை, அதன் நடுவே குறுகிய கால்வாயில் ஓடும் தண்ணீர். தலைக்கு மேல் வண்ணம் தீட்டிய மர விதானம். சுவர்களின் மேற்பாதியில் சுதை வேலை. இதைத் துனீசியாவில் நக்ஷ் ஹதீதா என்பார்கள்: ஈரம் காயாத சுதையில் இரும்பு உளியால் சரிகை போல வெட்டி எடுப்பது. அச்சு கிடையாது. ஒரு தவறு வெட்டு விழுந்தால் பூசியதை வழித்துவிட்டு மறுபடி பூச வேண்டும். விண்மீனிலிருந்து விண்மீன் கிளைத்து, கொடியாகி, கொடி எழுத்தாகிப் போவதைப் பார்த்தபடி கழுத்து வலிக்க நின்றேன். எர்லாஞ்சேயின் பெயர் மாளிகையோடு நிற்கிறது. உளி பிடித்தவர்களின் பெயர்ப் பலகை எதுவும் கண்ணில் படவில்லை. இருந்திருக்க வேண்டும் என்று ஏங்கினேன்.

மாளிகையின் பெருமை சுவரில் இல்லை, காதில் இருக்கிறது. எர்லாஞ்சேயைப் பிடித்தாட்டியது அரபு இசை. அஹ்மத் அல்-வாஃபி என்ற துனிஸ் வித்வானிடம் பாடம் கேட்டார். மனூபி ஸ்னூஸி என்ற இளைஞரைச் செயலாளராக வைத்துக்கொண்டு, ஃபாராபி, இப்னு சினா போன்றோர் இசை இலக்கணம் பற்றி அரபியில் எழுதிய நூல்களைப் பிரெஞ்சில் பெயர்த்தார். அலெப்போவிலிருந்து அலி தர்வீஷ் என்ற பெரும் குழல் கலைஞர் வந்து தங்கி, மகாம் என்ற அரபு ராகம் ஒவ்வொன்றின் ஏற்ற இறக்கங்களையும் பிரித்துச் சொல்லக் குறிப்பெடுத்தார்கள். அந்த உழைப்பு அரபு இசை என்ற தலைப்பில் ஆறு தொகுதிகளாக வந்தது. முதல் தொகுதி 1930இல், கடைசித் தொகுதி 1959இல். முதல் ஒன்றைத்தான் எர்லாஞ்சே அச்சில் பார்த்தார். மற்றவற்றைக் கரை சேர்த்தவர் ஸ்னூஸி.

1932இல் கெய்ரோவில் அரபு இசை மாநாடு கூடியது. அதற்கான யோசனையை எகிப்து மன்னர் ஃபுவாதிடம் கொண்டுபோனதில் எர்லாஞ்சேக்குப் பெரிய பங்கு. பார்டோக், ஹிண்டமித் போன்ற ஐரோப்பிய இசை மேதைகள் வந்து கேட்ட மாநாடு. இவருக்கு உடல்நிலை இடம் கொடுக்கவில்லை, குன்றிலேயே தங்கிவிட்டார். துனீசியாவிலிருந்து போன குழுவில் ஊத் வாசித்தவர் கமைஸ் தர்னான். அங்கே அவர்கள் வாசித்ததை இசைத்தட்டில் பதித்தார்கள். அதே வருடம் அக்டோபரில் எர்லாஞ்சே காலமானார். மாளிகை இப்போது அரசாங்கத்தின் சொத்து. அரபு, மத்தியதரை இசைகளுக்கான மையமும் நாட்டின் ஒலி ஆவணக் காப்பகமும் அதற்குள் நடக்கின்றன. கண்ணாடிப் பெட்டிகளில் ரபாபும் ஊதும் கானூனும் வரிசையாக இருக்கின்றன. ரபாப் இரண்டே தந்தி, வில்லால் வாசிப்பது, படகு வடிவ உடல். அதன் மேல் பாதி செம்புத் தகட்டில் துளையிட்ட பூவேலை.

எர்லாஞ்சே ஊரையும் இசையையும் ஒரே கண்ணால் பார்த்தார் என்று எனக்குத் தோன்றுகிறது. இரண்டும் அப்படியே இருக்க வேண்டும், ஐரோப்பா இரண்டையும் தொடக் கூடாது. ஐரோப்பியரான அவரே அதை முடிவு செய்ததில் ஒரு பெரிய முரண் இருக்கிறது. குடியேற்ற ஆட்சி நாட்டைத் தலைகீழாக்கிக்கொண்டிருந்த நேரத்தில், ஒரு குன்றை மட்டும் மாறாமல் நிறுத்தி வைப்பது. அதிலும் அவர் நிறுத்தி வைத்தது உள்ளபடியே இருந்த ஊரை இல்லை, அவர் மனதுக்குப் பிடித்த ஊரை. தந்தை எடுத்துக்கொண்டதை மகன் திருப்பிக் கொடுத்துவிட்டார் என்று சிலர் சொல்வதை நான் ஏற்க மாட்டேன். 72 பியாஸ்டர் கட்ட முடியாமல் ஆட்டையும் விதைத் தானியத்தையும் இழந்தவர்களின் பேரன்களுக்கு ஒரு மாளிகையும் ஒரு வண்ணமும் ஈடாகாது. ஆனாலும் அந்த ஆறு தொகுதிகளையும் இந்தக் குன்றையும் நன்றியோடுதான் சொல்ல வேண்டும். அவர் தடுக்காமல் விட்டிருந்தால், கடலைப் பார்த்த இந்தச் சரிவு முழுக்க அடுக்குமாடி விடுதிகள் எழும்பியிருக்கும் என்பதற்கு மத்தியதரைக் கடலின் வேறு எத்தனையோ கரைகள் சாட்சி.

இசை அவர் பேச்சைக் கேட்கவில்லை என்பது எனக்கு மகிழ்ச்சி. ஆந்தலூசியாவை விட்டுத் துரத்தப்பட்ட முஸ்லிம்கள் கொண்டுவந்து சேர்த்த மலூஃப் என்ற பாடல் மரபு துனீசியாவின் சொத்து. அதைத் தலைமுறை தலைமுறையாக உயிரோடு வைத்திருந்ததில் பிரபுக்களின் கூடங்களோடு தர்காக்களுக்கும் பங்குண்டு. ஜாவியா என்று இங்கே சொல்லும் சூஃபி மடங்களில் வாத்தியம் அதிகமில்லாமல், கைத்தட்டும் பறையுமாகக் கூட்டாகப் பாடினார்கள். முடிதிருத்துபவரும் நெசவாளரும் செருப்பு தைப்பவரும் மனப்பாடமாக அறிந்திருந்த சங்கீதம். 1934இல் துனிஸில் ரஷீதிய்யா என்ற இசைக் கழகம் தொடங்கியபோது, தர்னான் முதலானவர்கள் வயலின்களைச் சேர்த்தார்கள், வாய்ப்பாடமாக இருந்ததைச் சுரக்குறிப்பில் எழுதினார்கள், பெரிய வாத்தியக் குழுவாக மேடையேற்றினார்கள். எர்லாஞ்சே உயிரோடு இருந்திருந்தால் வருந்தியிருப்பார். ஊர் அவர் கொடுத்த நிறத்தை வைத்துக்கொண்டது. இசையைத் தன் கையில் எடுத்துக்கொண்டது.

பிற்காலத்தில் வந்து தங்கியவர்களில் பிரெஞ்சுத் தத்துவஞானி மிஷேல் ஃபூக்கோவைச் சொல்லாமல் விட முடியாது. 1966 முதல் இரண்டு வருடம் துனிஸ் பல்கலைக்கழகத்தில் தத்துவம் கற்பித்துக்கொண்டு, இந்த ஊரில் வாடகை வீட்டில் இருந்தார். 'அறிவின் தொல்லியல்' என்ற அவருடைய நூலின் பெரும்பகுதி இங்கே எழுதியது. 1968இல் மாணவர்கள் அரசாங்கத்தை எதிர்த்துக் கிளம்பிச் சிறைக்குப் போனபோது, துண்டறிக்கை அச்சிடும் கைப்பொறியைத் தன் வீட்டில் மறைத்து வைத்துக் கொடுத்தார். அமைதியான இந்த நீலக் கதவுகளில் ஏதோ ஒன்றுக்குப் பின்னால் அந்தப் பொறி இருந்தது.

பொழுது சாயும் நேரத்தில் குன்றின் கிழக்கு ஓரத்துக்கு வந்தேன். கீழே படகுத் துறை, எதிரே வளைகுடா, வளைகுடாவுக்கு அக்கரையில் இரட்டைக் கொம்போடு பூ கோர்னின் மலை, 576 மீட்டர். கார்தேஜ்காரர்கள் அந்த இரண்டு கொம்புகளையும் தங்கள் பெருந்தெய்வம் பாலின் இருப்பிடமாகக் கும்பிட்டார்கள். இங்கிருந்து பார்த்தால் ஏன் என்று கேட்கத் தோன்றாது.

அந்த ஓரத்தில்தான் மல்லிகை விற்கும் பெரியவர் உட்கார்ந்திருந்தார். தலையில் சிவப்புக் குல்லா, முன்னால் ஈரத் துணி மூடிய கூடை. அவரிடம் இருந்தது சரமாகத் தொடுத்த பூ இல்லை. காய்ந்த கோரைத் தண்டை ஊசி மாதிரி மெல்லிசாகக் கிழித்து, ஒவ்வொரு தண்டின் நுனியிலும் மலராத ஒரு மொட்டைச் செருகுகிறார்கள். அப்படிச் செருகிய தண்டுகளை ஒன்றாகச் சேர்த்து, பருத்தி நூலால் அடியிலிருந்து இறுக்கிச் சுற்றிக்கொண்டே வந்தால், கைப்பிடியும் வெள்ளைத் தலையுமாக ஒரு குட்டிச் செண்டு. மஷ்மூம் என்று பெயர். காதில் செருகிக்கொள்வது ஆண்கள். மீன்பிடிப்பவர், டாக்சி ஓட்டுபவர், கோட்டுப் போட்ட வக்கீல், யாரானாலும் கோடை மாலையில் காதுக்கு மேல் ஒரு செண்டு. பெரியவரின் கூடையில் இரண்டு ஜாதி இருந்தன. யாஸ்மின் என்று அவர் காட்டியது நம் பிச்சிப்பூ. ஃபுல் என்று காட்டியது சந்தேகமே இல்லாமல் குண்டுமல்லி. முகர்ந்ததுமே எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது.

"உங்கள் நாட்டில் இது உண்டா, மகனே?" என்று கேட்டார், பக்கத்தில் நின்ற பையன் மூலமாக.

"உண்டு ஐயா. ஆனால் பெண்கள் தலையில் வைப்பார்கள், ஆண்கள் வைப்பதில்லை."

"அப்படியானால் ஆண்கள் என்ன பாவம் செய்தார்கள்?" என்று கேட்டுவிட்டு, ஒரு செண்டை எடுத்து அவரே என் காதில் செருகிவிட்டார். விலையை அதற்குப் பிறகுதான் சொன்னார்.

பையன் அந்த ஊர்க்காரன். வெளியூர்க்காரர்கள் நல்ல விலைக்கு வீடுகளை வாங்குவதால் சொந்தக்காரர்களில் சிலர் கீழே லா மார்ஸாவுக்குக் குடிபோய்விட்டதாகச் சொன்னான். பழைய வீட்டுக்குச் சுண்ணாம்பு அடிப்பது, கதவுக்கு வண்ணம் பூசுவது எல்லாம் குடும்பத்துக்குச் செலவுதான். உப்புக்காற்று இரும்பையும் மரத்தையும் விட்டுவைக்காது, ஒரு மழைக்காலம் தாண்டினால் சுவரில் பச்சை படரும். "ஆணைப்படி பூசுகிறீர்களா, பிடித்துப் பூசுகிறீர்களா?" என்று கேட்டேன். அவனுக்குக் கேள்வியே விநோதமாகப் பட்டது. "கர்ஜா வருகிறதே, அதற்கு முன்னால் வீடு சுத்தமாக இருக்க வேண்டாமா?" என்றான்.

கர்ஜா என்பது இந்த ஊர்ப் பெரியவரின் திருவிழா ஊர்வலம், ஆகஸ்டில் நடக்கும். நான் போனது செப்டம்பரில் என்பதால் பையன்தான் நடித்தே காட்டினான். பக்கத்து ஊர்களிலிருந்து ஈஸாவிய்யா முதலான சூஃபிக் கூட்டங்கள் கொடிகளோடு வந்து சேரும். பறை முழங்க, தோளோடு தோள் ஒட்டி, புகழ்ப் பாடல்களைப் பாடிக்கொண்டு சந்தைத் தெரு வழியாக மேட்டில் ஏறும். இரண்டு பக்கமும் வீட்டுக் கதவுகளைத் திறந்து வைத்துவிடுவார்கள், பெரிய கதவைத்தான். மர ஜன்னல்களிலிருந்து பெண்கள் குலவையிடுவார்கள், பன்னீர் தெளிப்பார்கள். உயரக் கடையின் படிகளில் உட்கார்ந்து தேநீர் குடிக்கும் வெளிநாட்டுக்காரர்களை எழுந்து வழிவிடச் சொல்வார்கள். அவர்களும் விடுவார்கள், ஏனென்றால் தர்காவுக்குப் போகும் வழி அந்தப் படிதான்.